நாற்பது தார்ப்பாய்கள்

அன்பு மகளுக்கு,

நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம். அப்பாவின் பென்ஷனுக்குத்தான் இன்னும் உடம்பு தேறவில்லை. நீயும் மாப்பிள்ளையும் சுகமா? வாண்டுக்கு ஆடிக்கொண்டிருந்த பல் விழுந்ததா? போனில் இதையெல்லாம் பேச முடியாது. மணி அடித்தாலே உன் அப்பா "ஸ்பீக்கர்ல போடு" என்று நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்துவிடுகிறார். அதனால்தான் கடிதம்.

போன வாரம் மூன்றாவது விசாரணை. விசாரணை அதிகாரி ஒரு காலத்தில் அப்பாவிடம் வேலை கற்றவர். அப்பா உள்ளே நுழைந்ததும் "வாங்க சார்" என்று எழுந்து நின்றுவிட்டாராம். அப்புறம்தான் தான் யார் என்பது ஞாபகம் வந்து உட்கார்ந்தாராம். கோப்பில் பக்கங்கள் முன்னும் பின்னுமாகக் கிடந்திருக்கின்றன. புதிதாக வந்த எழுத்தர் பெண்ணுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. உன் அப்பாவுக்குக் கை சும்மா இருக்குமா? எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கி, பக்க எண் போட்டு, நூல் கோத்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். தன் மேல் போட்ட கேஸை! "இப்பதான் ஃபைல் பார்க்க லட்சணமா இருக்கு" என்று பெருமை வேறு. நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

நீ அரைகுறையாகக் கேட்ட கதையை முழுசாகச் சொல்கிறேன். முப்பத்து நான்கு வருடம் ஸ்டோர் கீப்பர். ஓர் ஆணி வெளியே போனாலும் கையெழுத்து வாங்குகிற மனிதர். எதிர்வீட்டுக்காரர் குடை இரவல் கேட்டபோதுகூடச் சீட்டு எழுதி வாங்கி என் மானத்தை வாங்கியவர். அவர்தான் புயலன்று நாற்பது தார்ப்பாய்களை ஒரு கையெழுத்துக்கூட இல்லாமல் எடுத்துக் கொடுத்துவிட்டார். மேலதிகாரி போனில், "குடுத்தனுப்புங்க, ஆர்டர் பின்னாடி வரும்" என்றாராம். ஆர்டர் வரவே இல்லை. அந்த அதிகாரி பதவி உயர்ந்து வேறு ஊர் போய்விட்டார், இப்போது ஞாபகமில்லை என்கிறார். "கூரை பறந்துபோய்க் குழந்தைங்களோட நனைஞ்சு நிக்கறாங்க. வவுச்சர்ல கையெழுத்துப் போடுங்கன்னு எந்த வாயால கேட்பேன்?" என்கிறார் அப்பா. ஓய்வு பெற்ற அன்று ஒரு கையில் பூங்கொத்து கொடுத்தார்கள், மறு கையில் மெமோ. விசாரணை முடியும்வரை முழுப் பென்ஷன் கிடையாது.

பட்டினி ஒன்றும் இல்லை, பயப்படாதே. பகலில் ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து மற்றவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறார். அவர் எழுதிய மனுவில் தையல்காரருக்கு ஆறு மாதமாக வராத குடிநீர் இணைப்பு ஒரே வாரத்தில் வந்துவிட்டது. ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதைதான் என்று நான் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். தார்ப்பாய்கள் தன் கவனக்குறைவால் தொலைந்துவிட்டன என்று அப்பா ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால், சின்னப் பிடித்தத்தோடு கேஸை முடித்துவிடலாமாம். விசாரணை அதிகாரியே தாளைத் தயார் செய்து கொடுத்தார். பாவம், நல்ல எண்ணம்தான். நானும் இரண்டு மாதமாக, போட்டுவிட்டு நிம்மதியாக இருங்களேன் என்று அப்பாவின் உயிரை எடுத்தேன், மறைக்க மாட்டேன். "நான் குடுத்ததை எப்படிக் காணாமப் போச்சுன்னு எழுதறது?" என்று சிரித்தே நழுவிவிடுவார்.

உன் கடிதம் வந்த பிறகு அவர் சிரிக்கவில்லை. "உண்மையில் அதெல்லாம் எங்கே போச்சுப்பா?" என்று ஒரு வரி எழுதியிருந்தாயே. யோசிக்காமல்தான் எழுதியிருப்பாய். அவர் அதை இரண்டு முறை படித்தார். மறுநாள் காலை அந்தத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்து மாட்டி, "இன்னிக்கு என்ன தேதி?" என்று என்னைக் கேட்டார். வாழ்நாளெல்லாம் தேதி போட்ட மனிதர்! தாளைப் பிடுங்கி, அதன் பின்பக்கத்தில் சமையலறைக் குழாய்க்கு வேண்டிய சாமான்களை எழுதிப் பிளம்பரிடம் கொடுத்துவிட்டேன். இப்போது அரசாங்கத் தாள் பிளம்பரின் சட்டைப் பையில் இருக்கிறது. குழாயும் ஒழுகுவது நின்றுவிட்டது.

ஆனால் இன்னொரு தாள் கேட்டு வாங்க அவருக்கு எவ்வளவு நேரமாகும்? பதினாறாம் தேதி அடுத்த விசாரணை. அதற்குள் அவருக்கென்று தனியாக ஒரு கடிதம் எழுது. பணம் அனுப்ப வேண்டாம், பென்ஷனைப் பற்றியும் பேச வேண்டாம். அன்றைக்கு யார் யார் வந்தார்கள், எப்படித் தூக்கிக்கொண்டு போனார்கள் என்று மட்டும் கேள். பத்துப் பக்கம் பதில் வரும், பொறுமையாகப் படி. நான் சொல்லித்தான் கேட்டாய் என்பது அவருக்குத் தெரிய வேண்டாம்.

அரசாங்கம் நம்பாவிட்டால் அவருக்குக் கோபம்தான் வருகிறது. நீ நம்பாவிட்டால் கையெழுத்துப் போட்டுவிடுவார், கண்ணு.

மூவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாயிருங்கள். இன்றைக்கே எழுது.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அம்மா