அண்ணன் கேட்ட சேதி

தைபே
நவம்பர் 2009

அன்புள்ள அப்பாவுக்கு, சிந்துஜாவோட வணக்கம். சிதம்பரத்துல மழை ஜாஸ்தியாமே, உங்க இளைப்பு எப்படி இருக்கு? நான் நல்லா இருக்கேன்.

எங்க பேப்பர்ல ஆசியா எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிங்க சேதிதான் வரும்னு உங்களுக்குத் தெரியும். போன வாரம் என் மேசைக்கே ஒண்ணு வந்துச்சு. அண்ணன் வேலை பாக்கிற சார்ஜர் கம்பெனிய தையோட மூடுறாங்களாம். அச்சாகிற வரைக்கும் வெளியில மூச்சு விடக்கூடாதுங்கறது ஆபீஸ் கட்டளை. ஞாயித்துக்கிழமை அண்ணன் ஃபோன்ல, தன் கல்யாணத்துக்கு எனக்கு எடுக்கற புடவை என்ன கலர்ல வேணும்னு கேட்டுச்சு. பச்சைன்னு மட்டும் சொன்னேன்.

இப்ப அச்சாயிடுச்சு. ஆனா ஊர்ல யாரு எங்க பேப்பரப் படிக்கிறாங்க? அண்ணனுக்கு நீங்களே பக்குவமா சொல்லுங்கப்பா. ஃபோன்ல சொன்னா நான் அழுதுடுவேன். கடலூர் சிப்காட்ல வேலை கேட்டு வைக்கட்டும். பொண்ணு வீட்டுக்கும் நாமளே முந்திச் சொல்லிடலாம்.

அம்மா கொத்தவரங்கா வத்தல் அனுப்பினா தமிழ்ப் பேப்பர்ல சுத்தி அனுப்பச் சொல்லுங்க, படிக்க ஆகும். போஸ்டாபீஸ் மூடப் போறாங்க, நிறுத்திக்கறேன்.

"எங்க கம்பெனி பேரு உங்க பேப்பர்ல எப்பம்மா வரும்?"னு அண்ணன் எப்பவும் கேக்கும். முதல் பக்கத்துலயே வந்துடுச்சுப்பா. எழுதினது நான்தான்.

உங்க மக
சிந்துஜா