தாரணிக்கு எதிரே யாரும் நிற்கக் கூடாது

தறிச் சத்தத்துக்கு மேலே குரலை ஏற்றி என்னைக் கூப்பிட்ட என் ஆசை அப்பாவுக்கு,

நேற்று சாயங்காலம் வீட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான், உங்கள் மருமகன், என் மாமியார், இப்போது என்னோடே இருக்கும் நம் சரசு அக்கா, நீங்கள் பார்க்காமலே போன உங்கள் பேத்தி தாரணி. அவளுக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை.

திங்கட்கிழமை மதுரையில் அவளுக்குக் காது டெஸ்ட். சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒரு சாமானை எடுத்து டப்பாவில் போட வேண்டுமாம். வீட்டிலேயே பழக்கிக் கூட்டி வாருங்கள் என்று அங்கே உள்ள பெண் சொல்லி அனுப்பியிருந்தாள். நூல் தீர்ந்த குச்சிகளைக் குவித்து வைத்து ஒரு வாரமாகப் பழக்குகிறேன். நான் தட்டைத் தட்டினால் அவள் ஒரு குச்சி போட வேண்டும்.

எட்டாவதோடு நின்றவள்தான் நான். ஆனாலும் எதையும் நோட்டில் எழுதாமல் விடமாட்டேன். எதிரே உட்கார்ந்து தட்டினால் பத்துக்கு ஒன்பது தடவை போடுகிறாள். முதுகுக்குப் பின்னால் தட்டினால் பத்துக்கு ஒன்று. அந்த ஒன்றும், தட்டு கை நழுவித் தரை அதிர விழுந்தபோது.

இத்தனை நாள் எப்படித் தெரியாமல் போச்சு என்று கேட்பீர்கள். தறி ஓடுகிற வீட்டில் யார் வாயால் பேசுகிறோம், அப்பா? சாப்பிட வா என்றாலும் கை, தண்ணீர் என்றாலும் கை. எல்லாவற்றுக்கும் ஓடி வந்தாள். வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், அதில் பிள்ளை குழம்பிவிட்டது என்று சொல்லிக்கொண்டோம்.

நேற்று அந்த நோட்டை எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன்.

“இதுக்கு ஏன்டி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?” என்றார் மாமியார். “அவுக பின்னால சத்தம் குடுத்தா நீ எதுக்க நின்னு கண்ணக் காட்டு. புள்ள டக்குனு போட்டுரும். பாஸாக்கி விட்டுருவாக.”

“பாஸாக்க இது என்ன பரிச்சையா, அத்தை?”

“பொட்டப்புள்ள. காது கேக்காதுன்னு ஒரு தாளு வந்துருச்சுன்னா நாளைக்கு எவன் வந்து பொண்ணு கேப்பான்?”

“மூணு வயசுலயே மாப்பிள்ளை பாக்குறீகளா? மொதல்ல அவ என்னைய அம்மான்னு கூப்புடட்டும்.”

உங்கள் மருமகன் எழுந்து தறிப்பக்கம் போய்விட்டார். எனக்கு உங்கள் முகம்தான் கண் முன்னால் வந்தது.

நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது திருச்சுழியில் காது முகாம் போட்டிருந்தார்கள். நம்மூர் பாளையம்பட்டிக்காரர்கள் கண்ணில் படக் கூடாதென்று அக்காவையும் என்னையும் பஸ்ஸில் அங்கே கூட்டிப் போனீர்கள். நர்ஸம்மா அக்காவுக்குப் பின்னால் மணி அடித்தார். நீங்கள் எதிரே நின்று புருவத்தைத் தூக்கினீர்கள். அக்கா கையைத் தூக்கினாள். ஒவ்வொரு தடவையும். குறை ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். திரும்பும்போது எங்களுக்குச் சேவு வாங்கிக் கொடுத்தீர்கள். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு தின்றவள் நான்.

அக்காவை நீங்கள் ஒரு சொல் கடிந்ததில்லை. ஆனால் அந்தப் புருவத்தைத் தூக்கியது அவளுக்காகவா, நம் வீட்டுப் பேருக்காகவா?

அம்மனுக்கு விளக்கேற்றிவிட்டுத்தான் கிளம்புவேன். உள்ளது உள்ளபடி தெரியட்டும் என்று மட்டும் வேண்டிக்கொள்வேன். சாமியைக் கும்பிட்ட கண்ணால் கள்ளச் சாடை காட்ட என்னால் ஆகாது. மாமியார் வரட்டும், வெளியே பெஞ்சில் இருக்கட்டும். தாரணியை மடியில் வைத்துக்கொள்ளப்போவது நான். என் முகம் அவளுக்குத் தெரியாது. வருகிற தாளில் என்ன எழுதியிருந்தாலும் மடித்து ஒளிக்க மாட்டேன். காதுக்கு மிஷின் வைக்கச் சொன்னால், தெருவே பார்க்க வைத்துக் கூட்டி வருவேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

இன்னொன்று. அக்காவுக்கும் அதே நாளில் டெஸ்ட் எடுக்கப் பேர் கொடுத்துவிட்டேன். “நாப்பது வயசுக்கு மேல எதுக்கு?” என்கிறார்கள் வீட்டில். நாற்பது வருஷம் காது கேட்காமல் இருந்தது போதாதா?

விஷயத்தைச் சொன்னதும் அக்கா மீசையை முறுக்குவதுபோலக் காட்டினாள். அது நீங்கள். அப்புறம் விரலை ஆட்டினாள். அப்பா வைவாரா என்று கேட்கிறாள். நீங்கள் போய்விட்டது தெரிந்தும் கேட்கிறாள்.

நான் என்ன சொல்லட்டும்? திங்கட்கிழமை முதல் பஸ்ஸுக்குக் கிளம்புகிறோம். அதற்குள் பதில் சொல்லுங்கள், அப்பா.

சரசுவின் தங்கையும் தாரணியின் தாயுமான
உங்கள் சின்ன மகள்