நான் கேட்ட லென்ஸ்

டிசம்பர் 7, ஞாயிறு

போட்டோ கிளப்பின் வாட்ஸ்அப் குரூப்பில் இன்று லிஸ்ட் வந்தது. ஜனவரி 2, 3, 4 முதுமலை. பதினோரு பேர். அவரவர் பெயருக்கு நேராக வாடகைக்கு வேண்டிய லென்ஸை எழுத வேண்டும். எல்லாம் சேர்த்து கோகுலகிருஷ்ணன் சார் சென்னைக் கடைக்கு அனுப்புவார்.

அமலா – 100-400.

தூரத்துப் பறவையைக் கிட்டே இழுக்கும் லென்ஸ். எழுதிவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன். ஒரு லென்ஸ் பெயரை எழுத இவ்வளவு பயமா?

பயம் இல்லை. கோபம். போன ஜனவரியிலிருந்து இருக்கிற கோபம்.

அன்றைக்குக் கழுவெளி ஏரிக்குப் போயிருந்தோம். சார் தன் பெரிய கேமராவை என்னிடம் பிடிக்கக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனார். சேற்றுப் பூனைப்பருந்து ஒன்று தண்ணீரை ஒட்டி வந்தது. நான் பார்த்தேன். நான் எடுத்தேன். ஒரு இறக்கை நுனி தண்ணீரைத் தொட்ட அந்த ஒரே படம். பொங்கல் முடிந்து கிளப் அடித்த இந்த வருஷக் காலண்டரில் மார்ச் மாதத்துக்கு அதுதான். கீழே, ‘படம்: டாக்டர் கோகுலகிருஷ்ணன்’. அவர் விழுப்புரத்தில் பல் டாக்டர். கிளப்புக்குத் தலைவர்.

யாரோ கேட்டதற்கு, “லென்ஸ் என்னுதுதானப்பா” என்று சிரித்தாராம். ‘சிரித்தாராம்’ என்ன, நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

டிசம்பர் 10, புதன்

காலை ஆறு மணிக்குக் கிடங்கல் ஏரிக்கரை. ஸ்டூடியோ முதலாளி சீனு அண்ணனிடம் கேட்டு என் பழைய கேமராவுக்கு 70-200ஐ இரண்டு மணி நேரத்துக்கு எடுத்துப் போனேன். எட்டு மணிக்கு ஸ்டூடியோ கேமராமேன் தேவா ஒரு கல்யாணத்தை எடுக்கக் கிளம்புவதற்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

நான் அந்த ஸ்டூடியோவில் ஆல்பம் செய்கிறவள், முகூர்த்த நாளில் தேவாவுக்கு உதவிக்கும் போவேன். விலங்கியல் படித்துவிட்டு, மாப்பிள்ளை நெற்றி வியர்வையைத் துடைக்கிறேன், கம்ப்யூட்டரில்.

கொக்கு ஐம்பதடியில் நின்றது. 200 வைத்தும் படத்தில் கட்டைவிரல் அளவு. 400 இருந்தால் கண் தெரியும். ஆனால் ஆறரை மணி வரை இருட்டு. 100-400க்கு வெளிச்சம் போதாது. 70-200க்கு வாய் அகலம், இருட்டிலும் படம் கிடைக்கும். காட்டில் வண்டி கிளம்புவதே விடியற்காலையில். அப்படியானால் எது? தூரமா, வெளிச்சமா?

பறவைதான் என் ஆசை. 100-400 என்றே இருக்கட்டும்.

டிசம்பர் 13, சனி

லிஸ்ட் மாறியிருக்கிறது.

அமலா – 24-70 (குரூப் போட்டோ).

யாரும் என்னைக் கேட்கவில்லை.

டிசம்பர் 14, ஞாயிறு

விழுப்புரத்தில் மீட்டிங். சாரின் கிளினிக் மாடி. இன்று கேட்டே தீருவது என்று போனேன்.

“சார், லிஸ்ட்டுல என் லென்ஸ்...”

“ஆமாம்மா, மாத்திட்டேன். நூறு-நானூறு உனக்கு வெயிட்டு. பொண்ணுங்க மூணு நாளு அதைப் புடிச்சிக்கினு இருக்க முடியாது, கை வலிக்கும். நீ சாப்பிடுறது, பேசிக்கினு இருக்கறது, எல்லாரும் சேர்ந்து நிக்கறதுன்னு அழகா எடு. அதுக்கும் ஒரு ஆள் வேணுமில்ல?”

“சரிங்க சார்.”

சரிங்க சார்! நான் சொன்னது அதுதான். எழுதும்போது பேனா தாளைக் கிழிக்கிறது.

திண்டிவனம் திரும்பும் பஸ் முண்டியம்பாக்கம் தாண்டும்போதுதான் சொல்ல வேண்டிய பதில் மனதில் வந்தது: ‘என் கை வலித்தால் உங்களுக்கு என்ன சார்?’ விக்கிரவாண்டியில் இன்னொன்று. கூட்டேரிப்பட்டு வருவதற்குள் ஒரு மேடைப் பேச்சே தயார். பக்கத்து சீட்டுப் பெண் என் வாய் அசைவதைப் பார்த்து, “என்னாம்மா, ஜெபமா?” என்றாள்.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். அம்மா கரும்பு வெட்டிவிட்டு வந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

“எத்தினி கிலோவாம்?”

“ஒண்ணரை.”

அம்மா என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். “லீவுக்கு லீவு எங்கூட வந்து கரும்புக்கட்டு தூக்கினியே, அப்ப எந்த டாக்டரும் வந்து கை வலிக்கும்னு சொல்லலியே.”

டிசம்பர் 16, செவ்வாய்

சென்னைக் கடைக்கு நானே போன் செய்தேன். குரல் நடுங்காமல் இருக்க, பேசவேண்டியதை முதலில் தாளில் எழுதி வைத்துக்கொண்டேன்.

விழுப்புரம் லிஸ்டில் 100-400 இன்னும் இருக்கிறதா?

“இருக்கு மேடம். ஒண்ணு. கோகுலகிருஷ்ணன் சார் பேர்ல. அவரோட செகண்ட் கேமராவுக்கு.”

“அது நான் கேட்டது.”

“குரூப் புக்கிங்ல கோ-ஆர்டினேட்டர் சொன்னாதான் மேடம் மாத்த முடியும்.”

கோ-ஆர்டினேட்டர் யார்? அவரேதான்.

ஏற்கெனவே 150-600 அவரிடம் சொந்தமாக இருக்கிறது. என் கைக்குக் கனம் என்று வாங்கி, தன் இரண்டாவது கேமராவில் மாட்டிக்கொள்கிறார்! இத்தனை நாள் அவர் என்னைக் குறைவாக நினைக்கிறார் என்று நினைத்தேன். அதுகூட இல்லை. என்னை நினைக்கவே இல்லை. லென்ஸ் வேண்டியிருந்தது, எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான்.

தாளைக் கசக்கி எறிந்தேன். பிறகு எடுத்து நீவி இங்கே ஒட்டியிருக்கிறேன். இருக்கட்டும்.

டிசம்பர் 17, புதன்

நேற்றிலிருந்து மார்கழி. ஸ்டூடியோ ஈ ஓட்டுகிறது. தை பிறக்கும்வரை கல்யாணம் இல்லை. தேவா வாசலில் உட்கார்ந்து ரீல்ஸ் பார்க்கிறான். 70-200 இரும்பு பீரோவில், ஈரம் இழுக்கும் பொட்டலத்தோடு தூங்குகிறது.

மதியம் வரை மூன்று முறை சீனு அண்ணன் மேஜை வரை போய்த் திரும்பினேன். நாலாவது முறை அவரே, “என்னா அமலா, ரூமை அளக்கறியா?” என்றார்.

கேட்டேன்.

“எடுத்துக்கினு போ. மார்கழியில அதுக்கு என்னா வேலை? படத்துல நம்ம ஸ்டூடியோ பேர மட்டும் மூலையில போட்டுடு.”

தேவா எடுக்கும் எல்லாப் படத்திலும் ஸ்டூடியோ பெயர்தான் வரும். அந்த முத்திரையைத் தினமும் போடுகிறவளே நான்தான். சரிங்க அண்ணே என்பதற்கு வாய் திறந்தும்விட்டது.

“என் பேருதாண்ணே போடுவேன்.”

எங்கிருந்து வந்தது அந்தக் குரல்? தேவாகூட போனிலிருந்து தலையைத் தூக்கினான்.

சீனு அண்ணன் சிரித்தார். “போடு, போடு. காக்கா படத்துக்கு எவன் வந்து சண்டை போடப் போறான்?”

லென்ஸ் கிடைத்துவிட்டது. ஆனாலும் வழியெல்லாம் கோபம். என் பெயர் காக்காவோடு போகிற பெயரா?

டிசம்பர் 21, ஞாயிறு

வண்டி ஜன்னலில் லென்ஸை வைத்தால் இஞ்சின் அதிர்வு படத்தைக் கெடுக்கும். அதற்கு மணல் மூட்டை மாதிரி ஒன்று வேண்டும். பழைய பேன்ட் காலை வெட்டித் தைத்தேன். மல்லாட்டைக் கடலைத் தோல் போட்டுப் பார்த்தேன், நொறுங்கி அமுங்கிவிட்டது. கேப்பை கொட்டினேன். லென்ஸ் குழந்தை மாதிரி படுத்துக்கொண்டது.

“திங்கற கேப்பைடி அது!” என்றாள் அம்மா. “வந்ததும் பானையில கொட்டணும். ஒரு பிடி கொறயக்கூடாது.”

டிசம்பர் 25, வியாழன்

சர்ச்சில் ஃபாதர் சமாதானத்தைப் பற்றிப் பேசினார். எனக்கு இன்னும் வரவில்லை.

ஜனவரி 3, சனி. மசினகுடி

எழுதிவிட வேண்டும், மறப்பதற்குள்.

நேற்று முழுக்க எனக்கு ஒன்றும் இல்லை. இருவாச்சி ஒரு ஜோடி உயரமான மரத்தில். 200க்கு வெறும் இரண்டு புள்ளி. சார் 600இல் எடுத்து எல்லாருக்கும் காட்டினார். “பாத்தியா அமலா, காட்டுக்கு இதான் வேணும்.” பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தேன். நல்ல படம்தான். அதுவும் எரிச்சல்.

இன்று காலை. ஆறே முக்கால் இருக்கும். மூங்கில் புதர் ஓரம், பாதி இருட்டு. டிரைவர் வண்டியை நிறுத்தினார். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. சாலையில், நாற்பதடியில், மூன்று செந்நாய்.

வண்டி முழுக்கப் படபடவென்று ஷட்டர் சத்தம். சாருக்கு 600இல் இருட்டு. அடுத்த கேமராவைத் தூக்கினார், என் 100-400. அதிலும் இருட்டு. படம் பூராவும் இழுத்துக்கொண்டு போகிறது என்று முணுமுணுத்தார். என் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார்.

“அமலா, அந்த எழுபது-இருநூறைக் குடும்மா. ஜல்தி, ஜல்தி!”

என் கை லென்ஸைக் கழற்றும் பட்டனுக்குப் போய்விட்டது. நிஜம். கல்யாண மேடையில் தேவா பார்க்காமலே கையை நீட்டுவான், நான் பார்க்காமலே லென்ஸை வைப்பேன். நாலு வருஷப் பழக்கம். கை என்னைக் கேட்கவில்லை. பட்டனை அழுத்தியும்விட்டது. லென்ஸ் பாதி திரும்பிவிட்டது.

பாதியில் நிறுத்தினேன்.

“இல்லீங்க சார்.”

“என்னாது?”

“தர முடியாதுங்க. நான் எடுக்கணும்.”

‘டக்’ என்று திரும்ப மாட்டினேன். அதற்குள் இரண்டு செந்நாய் மூங்கிலுக்குள் போய்விட்டன. போனது போனதுதான், என் கையால் போனது. மூன்றாவது, போகிற போக்கில் நின்று திரும்பிப் பார்த்தது. கேப்பை மூட்டையில் லென்ஸ் அசையாமல் கிடந்தது. நான்கு படம். அதில் ஒன்றில் கண் கூர்மை, காதில் பனி ஈரம், பின்னால் எல்லாம் கரும்பச்சை.

சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

நான் எடுக்காததால் குரூப் போட்டோவுக்கு ஆள் இல்லாமல் போனது. டிரைவர் எடுத்துக் கொடுத்தார்.

ஜனவரி 10, சனி

காலண்டருக்குப் படம் அனுப்பச் சொல்லி குரூப்பில் சார்: “பெயர் போடாமல் அனுப்பவும். கிளப் டிரிப்பில் எடுத்தது என்பதால் கிளப் பெயரில் வரும்.”

போன வருஷம் கிளப் டிரிப்பில் எடுத்தது மட்டும் எப்படி டாக்டர் பெயரில் வந்தது?

இதை இங்கே எழுதிவிட்டு, அங்கேயும் எழுதினேன். அதே வரி. ஒரு எழுத்து மாற்றவில்லை. காலண்டரின் மார்ச் மாதத் தாளைப் போட்டோ எடுத்து அதன் கீழே போட்டேன்.

எல்லாரும் பார்த்தாயிற்று என்று காட்டியது. ஒரு மணி நேரம் கழித்து சார்: “சின்ன விஷயத்தைப் பெரிசு பண்ண வேணாம்மா.”

சின்ன விஷயம்.

குரூப்பை விட்டு வெளியே வந்தேன். அவர் தூக்கவில்லை, நானாக வந்தேன். செந்நாய் வெளியே போகவில்லை, என்னிடம்தான் இருக்கிறது.

ஜனவரி 19, திங்கள்

தை பிறந்தாயிற்று. பீரோவில் இருந்து 70-200ஐ எடுத்துத் துடைத்து தேவாவிடம் கொடுத்தேன். “உன் செந்நாயை முன்னாடி மாட்டச் சொன்னாரு அண்ணன்” என்றான். மாட்டியிருக்கிறது. ஒரு வளைகாப்புக்கும் ஒரு ரிசப்ஷனுக்கும் நடுவில். மூலையில் என் பெயர்.

பெண் அழைப்புக்கு விலை கேட்க வந்த ஒரு அம்மா, “எந்த ஊரு நாய் இது, இவ்ளோ செவப்பா?” என்றார். சொன்னேன். அரை மணி நேரம் சொன்னேன்.

பிப்ரவரி 1, ஞாயிறு

கேப்பையை இன்னும் பானையில் கொட்டவில்லை. அம்மா தினம் கேட்கிறாள். அடுத்த வாரம் கழுவெளி, பூனைப்பருந்து வடக்கே திரும்பிப் போவதற்குள். இந்த முறை தூரம் வேண்டும். சென்னைக் கடைக்குப் போன் செய்தேன். தாளில் எதையும் எழுதி வைத்துக்கொள்ளவில்லை.

“100-400 ஒண்ணு.”

“குரூப் பேர் என்ன மேடம்?”

“குரூப் இல்லீங்க. அமலா, திண்டிவனம்.”

“கோ-ஆர்டினேட்டர் பேர்னு இருக்கற இடத்துல?”

“அங்கேயும் அமலான்னே போடுங்க.”

அந்தப் பக்கம் கீபோர்டில் தட்டும் சத்தம் கேட்டது. முடியும்வரை காத்திருந்து, திரும்பப் படித்துக் காட்டச் சொன்னேன்.