எந்தக் கண்ணை மூடுவது

ஜூன் 9, 2008, திங்கள்
மண்டையைப் பிளக்கும் வெயில். கேம்ப் ரோடு முழுக்கக் கரண்ட் இல்லை. என் பிரவுசிங் சென்டரில் ஆறு கம்ப்யூட்டரும் தூக்கம். பன்னிரண்டுக்குத்தான் வந்தது.
வாங்க: பிளாஸ்டர், பிரிண்டர் மை, ஷாஹினாவுக்கு சாக்ஸ்.
பிளாஸ்டரும் ஷாஹினாவுக்குத்தான். ஆறு வயது மகள். இடது கண் மூக்குப் பக்கம் ஓடுகிறது, பார்வையும் மட்டு என்று லீவுக்கு முன்னே ஸ்கூலில் சொன்னார்கள். நெட்டில் அம்மாக்கள் கம்யூனிட்டி ஒன்றில் தேடினேன். பலவீனமான கண்ணைத் தினம் இரண்டு மணி நேரம் மூடி ஓய்வு கொடு, தெளியும் என்று ஒருத்தி எழுதியிருந்தாள். மூன்று வாரமாக ஒட்டுகிறேன். பிள்ளை அழுவதே இல்லை. தங்கம்.
அந்தப் பெருமையை, நீங்களும் ஒட்டுங்கள் என்று, அங்கேயே எழுதியும் வைத்தேன். பெண்களுக்கு மட்டுமான இடம், அதனால் மனைவி மும்தாஜ் பெயரில். பதினோரு பேர் நன்றி சொன்னார்கள். "மும்தாஜ் அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்." மிதப்பாகத்தான் இருந்தது.
நிஜ மும்தாஜ்: "என் பேர்ல டாக்டராயிட்டீங்க. புள்ளைய ஒரு நெஜ டாக்டராண்ட காட்டுங்க."

ஜூன் 11, புதன்
தாம்பரத்தில் கண் டாக்டரம்மா. நல்ல கூட்டம். ஷாஹினா அங்கிருந்த எல்லாக் குழந்தைகளின் பெயரையும் விசாரித்துவிட்டாள்.
பிளாஸ்டர் கதையைக் கேட்டதும் டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "சார், மூட வேண்டியது நல்ல கண்ண. அப்பதான் சோம்பேறிக் கண்ணு வேலை செய்யும். நீங்க அதுக்கு லீவு குடுத்துட்டீங்க."
"கெட்டுப்போச்சா டாக்டர்?"
"மூணு வாரம்தானே, புடிச்சிடலாம். வயசு ஏற ஏறத்தான் கஷ்டம்."
கண்ணாடி எழுதிக் கொடுத்தார். பிள்ளை ஏன் அழவில்லை என்று இப்போது புரிகிறது. நல்ல கண் திறந்திருந்தது, அவளுக்கென்ன குறை. படித்த முட்டாள் நான். பஸ்ஸில் மடியில் தூங்கினாள். அந்த முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

ஜூன் 12, வியாழன்
கண்ணாடி வர மூன்று நாள். பிளாஸ்டர் மட்டும் இன்றே, வலது கண்ணில். ஒரே அலறல். சுவரைத் தடவிக்கொண்டு வந்தாள். எதிரில்தான் நிற்கிறேன். என் சட்டையைப் பிடித்து மோந்து பார்த்து, "அத்தா?" என்றாள்.
இந்தக் கண்ணுக்கு இவ்வளவுதான் தெரியும் என்று இத்தனை நாள் எனக்குத் தெரியாது. தூக்கிக்கொண்டு அழுதேன்.
பதினோரு நன்றி. பதினோரு பிள்ளைகள். சோறு இறங்கவில்லை.

ஜூன் 13, வெள்ளி
ஜும்ஆ தொழுகை முடிந்து நேரே சென்டர். நாலு தடவை அழித்து எழுதியது: நான் சொன்னது தப்பு. எந்தக் கண்ணை மூடுவது என்று டாக்டர் சொல்லட்டும், ஒட்டியதை உடனே எடுங்கள். இன்னொன்று, நான் மும்தாஜ் இல்லை, அவள் புருஷன்.
வீட்டில் சொன்னதும் மும்தாஜ்: "ரெண்டாவது எதுக்குங்க? தொரத்திடுவாங்க."
"ஒரு பொய்ய வெச்சிக்கினு உண்மைய எப்டிம்மா சொல்றது?"
அவள் அடுப்படிக்குப் போனாள். இரண்டு முட்டை தோசை போட்டுத் தந்தாள். கோபமில்லை என்று அர்த்தம்.

ஜூன் 14, சனி
ஏகப்பட்ட திட்டு. "ஆம்பளைக்கு இங்க இன்னா வேலை?" நியாயம்தான். மதியம் கம்யூனிட்டியிலிருந்து நீக்கிவிட்டார்கள். என் திருத்தத்தை விட்டுவைத்தார்களா, அழித்தார்களா, தெரியவில்லை.
ஷாஹினா பிளாஸ்டரோடு என் பக்கத்து ஸ்டூலில், கீபோர்டில் மூக்கை வைத்து எழுத்துத் தேடினாள். பத்து நிமிடம் அழுகை, பத்து நிமிடம் விளையாட்டு.
மாலை அந்த மும்தாஜ் கணக்குக்கே நேராக ஒரு ஸ்க்ராப் செய்தி வந்திருந்தது. மாடம்பாக்கம் செல்வி, பதினோரு பேரில் ஒருவர். "நீங்க சொன்னீங்கன்னு நானும் ஒட்டினேன். பையனுக்கு எட்டு வயசு. இப்ப லேட்டா?"
போன வாரம் என்றால் கேட்ட வேகத்தில் ஒரு பதில் அவிழ்த்து விட்டிருப்பேன். இன்று யோசித்து யோசித்து அடித்தேன். 'எனக்குத் தெரியாதும்மா. என்னை மன்னிச்சிடுங்க. திங்கள் காலையில கண்ணாடியக் காட்ட தாம்பரம் டாக்டர்கிட்ட நாங்க போறோம். நீங்களும் பையனைக் கூட்டிக்கிட்டு வாங்க' என்று அனுப்பினேன்.
ஷாஹினாவை வீட்டில் விட்டுவிட்டு வந்து பார்த்தேன்.
"எத்தனை மணிக்கு அண்ணா?"