கிணத்துத் தண்ணியும் உன் கையெழுத்தும்

அன்பு மகளுக்கு அம்மா எழுதறது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நல்லபடியா இருக்கீங்கன்னு நம்பி எழுதறேன். இங்க நானும் உன் சித்தியும் இருக்கோம். சுகம்னு எழுதக் கை வரலை, இருக்கோம்னு மட்டும் வச்சுக்கோ. போன்ல பேசலாமேன்னு கேப்ப. போன்ல நான் நாலு வார்த்தை பேசறதுக்குள்ள அழுதுடறேன், நீயும் விடும்மா விடும்மான்னு வச்சுடற. காகிதம்னா கடைசி வரைக்கும் படிச்சுத்தானே ஆகணும். குழந்தைக்கு சளி விட்டுச்சா. ஈரத்தலையோட வெளிய அனுப்பாதே. மாப்பிள்ளை முதுகு வலின்னாரே, குனிஞ்சு பாரம் தூக்க வேண்டாம்னு நான் சொன்னதா சொல்லு.

சுரங்க மேனேஜர் உனக்கு ஒரு காகிதம் அனுப்பியிருக்கானாமே. அவனே வந்து சொன்னான். நம்ம தெருவுக்கும் ஏரிக்கும் அடியில இன்னொரு அடுக்கு நிலக்கரி இருக்காம், அதை எடுக்க வீட்டுக்காரங்க எல்லாரும் சம்மதம் தரணுமாம். வீட்டை அப்பா உன் பேருக்கு எழுதி வச்சிட்டதால என் கையெழுத்து செல்லாது, உன்னுதுதான் வேணும். அந்தக் காகிதத்தோட மூணாவது பக்கத்தைப் பாத்தியா. உன் சித்தி எனக்கு ரெண்டு தடவை படிச்சுக் காட்டினா. மழை இல்லாமதான் கிணறு வத்திச்சாம், அப்பா செத்தது அவரோட கவனக்குறைவாம். அதுக்கும் சேத்துத்தான் நீ கையெழுத்து போடற. இதைச் சொல்லத்தான் உக்காந்து எழுதறேன்.

கவனக்குறைவாம். இருபத்தாறு வருஷம் அதே சுரங்கத்துல, பூமிக்கு அடியில பம்பு ஓட்டின மனுஷன், ஒரு நட்டு தளர்ந்தா காதாலயே கண்டுபிடிச்சுடுவார். கரியை உருவிக்கிட்டு மேல்கூரையை அப்படியே விழ விட்டுடுவாங்கன்னு அவர்தான் எனக்குச் சொன்னார். கூரை விழுந்தா மேல மண்ணு வெடிக்கும், வெடிப்பு வழியா கிணத்துத் தண்ணி கீழ இறங்கும், இறங்கினதை இவர் பம்பு போட்டு ஏத்தி ஓடையில விடணும். நம்ம வீட்டுத் தண்ணி எனக்கு முன்னாடியே வேலைக்கு வந்துடுதுன்னு சொல்லிச் சிரிப்பார். நானும் சேந்து சிரிச்சேன், மண்டு. இப்ப ஓடையைப் பாத்தா உனக்கு அடையாளம் தெரியாது. மேல்பக்கம் வெடிப்புக்குள்ள விழுந்து காஞ்சு கிடக்கு. கீழ்பக்கம் பம்பு குழாய் விழற இடத்துல கல்லெல்லாம் துருப்பிடிச்ச தகரம் மாதிரி சிவந்து கிடக்கு, ஒரு மீன் குஞ்சு கிடையாது. கிணறு அடி தட்டினதும், இன்னும் நாலடி தோண்டினா ஊத்து கிடைக்கும்னு அப்பா கடப்பாரையோட இறங்கினார். கீழ மண்ணு நகந்து கிணத்துச் சுவரா அடுக்கின உறை வளையமெல்லாம் இடம் மாறியிருக்கு, மேல இருந்து பாக்கறவங்களுக்கு எப்படித் தெரியும். மூணாவது உறை சரிஞ்சது. கயித்தை நான்தான் பிடிச்சிருந்தேன். அதுக்கு மேல அதைப் பத்தி எழுத மாட்டேன்.

இப்ப நான் பண்ணின தப்பைச் சொல்றேன், நீ யார்கிட்டயும் கேக்கறதுக்கு முன்னாடி என் வாயால கேட்டுக்கோ. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை சுரங்கத்துல இருந்து தண்ணி சோதிக்க ஒரு ஆள் வருவாரே, நாம பாட்டில்காரர்னு சொல்லுவோமே, அவர் வர்ற தேதி தெரிஞ்சா தெருவே ரெண்டு நாள் கிணத்துல வாளி விடாது, தண்ணி கொஞ்சம் ஏறி நிக்கட்டும்னு. நான் அதுக்கும் மேல. வாளியில எடுத்து, ரெட்டைத் துணியில வடிகட்டி, ராத்திரி முழுக்க தெளிய வச்சு, மேல் தண்ணியை மட்டும் விளக்கின குடத்துல ஊத்தி வாசல்ல வைப்பேன். வீட்டுக்கு வர்ற ஆள்கிட்ட கலங்கின தண்ணியை நீட்டறதான்னு ஒரு வெக்கம். அவரும் நல்லதாப் போச்சுன்னு குடத்துல மொண்டுக்கிட்டு போயிடுவார். ஆறு வருஷம் இப்படி. ஆறு வருஷமும் நல்ல தண்ணி, சுரங்கத்தால ஒரு பாதிப்பும் இல்லைன்னு ரிப்போர்ட். அதை வச்சுத்தான் இப்ப மழை மேல பழி போடறாங்க. என் வெக்கத்தை எடுத்து என் புருஷன் மேலயே மண்ணா போட்டுட்டாங்க.

ஆனா ஒண்ணு கேளு. அந்த ஆள் தானே பாட்டிலைக் கிணத்துக்குள்ள இறக்கித்தான் எடுக்கணுமாம், அதுதான் சட்டமாம், அப்பாவோட வேலை பாத்தவங்க சொன்னாங்க. ஆறு வருஷமா ஒரு தடவை கூட இறக்கலை. ஆனா ஒவ்வொரு ரிப்போர்ட்லயும் கிணத்துல இறக்கி எடுத்ததுன்னு எழுதி அவர் கையெழுத்தும் மேனேஜர் கையெழுத்தும் போட்டிருக்கு. பன்னெண்டு காகிதம், பன்னெண்டும் பொய். வர்ற பதினாலாம் தேதி அப்பா செத்ததைப் பத்தி கலெக்டர் ஆபீஸ்ல விசாரணை. அங்க எழுந்து நின்னு குடத்தையும் துணியையும் மேசை மேல வச்சு, நான்தான் வடிகட்டிக் கொடுத்தேன்னு சொல்லப் போறேன். முட்டாப் பொம்பளைன்னு ஊரே சிரிக்கட்டும். நான் முட்டாள்னு நிரூபிச்சா அவன் பொய்யன்னு தானா ஆயிடும்.

போன வாரம் துக்கம் விசாரிக்கறேன்னு மேனேஜர் வந்தான். கிணத்தோட அடியில கிடந்ததை அப்படியே டம்ளர்ல ஊத்தி வச்சேன், வடிகட்டலை. அதைப் பாத்துட்டு, இப்பதான் டீ குடிச்சேன்னான். நீங்களே கையெழுத்து போட்ட நல்ல தண்ணிதானே, குடிங்கன்னேன். தெருவே வாசல்ல நின்னு பாத்துச்சு. உன் சித்தி, ஐயாவுக்கு தொண்டை காய வேண்டாம், இன்னொரு டம்ளர் கொண்டு வரட்டுமான்னா. அவன் வேர்த்து எழுந்து, உங்க பொண்ணு படிச்சவங்க, புரிஞ்சுக்குவாங்கன்னு சொல்லிட்டுப் போனான். அப்பா போன இந்த ரெண்டு மாசத்துல அன்னிக்குத்தான் எனக்கு சோறு இறங்கிச்சு.

பழி வாங்கினா அப்பா வந்துடுவாரான்னு நீ கேட்ட. வர மாட்டார், தெரியும். அவன் போகணும், அதுதான் வேணும். அந்த நாற்காலியை விட்டு, அந்தக் காரை விட்டு, பேரு கெட்டு, தலை குனிஞ்சு போகணும். மன்னிக்கற மனசு உனக்கு இருந்தா உன் வீட்டுல வச்சுக்கோ கண்ணு, என்கிட்ட கேக்காதே.

உடம்பைப் பாத்துக்கோ. நீங்க மூணு பேரும் நோய் நொடி இல்லாம நூறு வருஷம் நல்லாயிருக்கணும். மறக்காதே, அந்தக் காகிதத்தைக் கிழிச்சுப் போட்டுடாதே, உன் பதிலே வந்து சேரலைன்னு சொல்லி தப்பிச்சுக்குவான். கையெழுத்து போடற இடத்தைக் காலியா விட்டு, பதிவுத் தபால்ல அவன் பேருக்கே அனுப்பு. அவன் கையாலயே வாங்கிப் பிரிச்சுப் பாக்கட்டும்.

இப்படிக்கு,
கயித்தை விடாத உன் அம்மா