நம் நாட்டின் பெயரைக் கூப்பிட்டபோது

என் வாயாடி மகளுக்கு,

அப்பா எழுதுவது. உடம்பு எப்படி இருக்கிறது, அங்கே குளிர் குறைந்ததா? இங்கே அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை, எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் ஆறவில்லை. உன்னைவிட இருபது வயதுதான் பெரியவன், சுற்றிவளைக்க வராது, நேரே கேட்கிறேன். உலக மன்றத்தில், அணை திறக்குமுன் கீழ்நாட்டுக்குச் சொல்லியாக வேண்டும் என்ற ஆற்றுத் தீர்மானத்துக்கு வாக்கெடுப்பு நடந்தபோது, நம் நாட்டுக்காக நீ உட்கார வேண்டிய இருக்கையில் ஏன் ஆளே இல்லை? அணை அலுவலகத்தில் எல்லாரும் நேரலை பார்த்துக்கொண்டிருந்தோம், சாரோட பொண்ணு வருதுன்னு ஷட்டர் ஆபரேட்டர் தன் செலவில் டீ வாங்கிக் கொடுத்தார். நம் பெயரைக் கூப்பிட்டதும் உன் கைப்பை மட்டும் தெரிந்தது. பாப்பா பாத்ரூம் போயிருக்கும் சார் என்றார் அவர். அதற்குப் பதில் என்னை நாலு அறை விட்டிருக்கலாம்.

போனில் என்ன சொன்னாய்? மேலிடத்து உத்தரவுப்பா, ஆதரித்தால் ஆற்றில் நமக்கு மேலே இருக்கும் பெரிய நாட்டுக்குக் கோபம், எதிர்த்தால் கீழே இருக்கும் சின்ன நாடுகளுக்கு வருத்தம், நம்மைப் போல நடுவில் இருப்பவர்கள் அந்த நேரம் எழுந்து வெளியே போவது வழக்கம்தான் என்று. வழக்கமாம்! போன மாதம் நீதானே என்னைக் கீழ்நாட்டு அணை இன்ஜினீயரிடம் பேசச் சொன்னாய், தீர்மானத்தில் அவர்கள் தண்ணீர் திறக்க எழுபத்திரண்டு மணி நேரம் முன்பே தகவல் என்பதை இருபத்து நாலாகக் குறைத்தால் நம் வாக்கு நிச்சயம் என்று? பதினாறு வருஷப் பழக்கம், என் பேச்சை நம்பி அந்த மனுஷன் தன் அமைச்சரோடு மல்லுக்கட்டிக் குறைக்க வைத்தார். அதையும் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள். தீர்மானம் ஒரே வாக்கில் தோற்றது.

நேற்று அவர் போன் செய்தார். திட்டியிருந்தால் தேவலை. இனிமேல் திறக்கும்போது சொல்வீர்களா சார் என்று மட்டும் கேட்டார், இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக சார் போட்டு. அவர் கரையில் நாற்பதாயிரம் பேர் குடியிருக்கிறார்கள். இன்று உன் இலாகாவிலிருந்து சுற்றறிக்கை, கீழ்நாட்டு அதிகாரிகளோடு நேரடியாகப் பேசக் கூடாதாம்.

நீர்மட்டம் ஏறும் வேகத்துக்கு வெள்ளிக்கிழமை நாலு ஷட்டர் தூக்கியாக வேண்டும். வியாழக்கிழமை காலையிலேயே அவருக்குச் சொல்லிவிடுவேன். மெமோ வரும், வரட்டும். விசாரணையில் உன் பெயரையும் இழுப்பார்கள், அதனால்தான் உனக்கும் முன்கூட்டியே சொல்கிறேன்.

நீ நல்லா இருக்கணும், அதில் மாற்றமில்லை. ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே போகாதே. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் அம்மாவைக் கூப்பிடு, என்னைக் கேட்காதே.

கோபம் தீராத உன்
அப்பா