அரை இருட்டுத் தெப்பம்

இன்று காலை குளத்தங்கரையில் தெப்பம் கட்டிக்கொண்டிருந்தார்கள். புது லைட்டுக்காரர் தன் பெட்டியைத் திறந்து, பிரேக்கரில் இருக்கும் சின்னப் பொத்தானை அழுத்தினார். டக்கென்று விசை கீழே விழுந்தது. வேலை செய்கிறதா என்று சோதித்துப் பார்க்கிறாராம். பீப்பாய்களை உருட்டுகிற இரைச்சலுக்கு நடுவிலும் அந்தச் சத்தம் எனக்குத் தனியாகக் கேட்டது. நீ போய் வருஷம் திரும்பப் போகிறது. உன்னை நினைக்காமல் இருக்கப் பழகிவிட்டதாக எண்ணியிருந்தேன்.

இப்படி எழுதுவது உனக்குப் பிடிக்காது. "இத எந்தப் போஸ்ட்மேன்பா எனக்குத் தூக்கிக்கினு வருவான்?" என்று கேட்பாய். ஆனாலும் உன்னிடம் ஒன்று சொல்லியாக வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு நாம். பிறகு நான் பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவிலேயே தறியில் உட்கார்ந்தேன். நீ செவிலிமேட்டில் லைட் செட்டிங் கடை போட்டாய். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவன் எங்கள் தெருக் கோயில் தெப்பத்துக்கு விளக்குப் போடுகிறானே என்று யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. உன்மேல் இருந்த ஒரே புகார், காபியை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிக் குடிக்கிறாய் என்பதுதான்.

பிரேக்கர் என்றால் திருவிழா நேரத்தில் காலை வாரிவிடுகிற சாமான் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நீதான் ஒருநாள் கரையில் உட்கார வைத்துச் சொன்னாய். "இதுல ரெண்டு ஆளு இருக்குதுபா. இந்த எம்சிபி ஒயருக்குக் காவல். ஒயரு தாங்குறதுக்கு மேல கரண்ட்டு ஓடினா விழுந்துடும். லைட்ட இது காப்பாத்தாது, மனுஷனையும் காப்பாத்தாது. அந்த இன்னொண்ணு இருக்குதே, அது மனுஷனுக்கு." எப்படி என்று கேட்டேன். "போன கரண்ட்டு முழுசாத் திரும்பி வருதான்னு பாத்துக்கினே இருக்கும். துளி குறைஞ்சாலும் அது வேற வழியில போவுதுன்னு அர்த்தம். அந்த வழியில ஒரு ஆளு நின்னுக்கினு இருக்கலாம்."

எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. முதலாளி பட்டு நூலையும் ஜரிகையையும் எடை போட்டுக் கொடுக்கிறார். சேலையாக வந்ததும் மறுபடி எடை போடுகிறார். குறைந்தால், எங்கே போச்சு என்று கேட்கிறார். "அதேதான்பா, ஆனா உங்க முதலாளி சாயங்காலம் கேப்பாரு, இது கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள கேக்கும்" என்றாய்.

தெப்பத்தின் பின்பக்கம் ஜெனரேட்டர். அதிலிருந்து ஒரு சாண் தூரத்தில் உன் பெட்டி. தெப்பத்தின் நடுவில் வைத்தால் கைக்கு வசதியாக இருக்குமே என்று கேட்டதற்கு நீ கோபித்துக்கொண்டாய். கரண்ட்டு கிளம்புகிற இடத்திலேயே காவல் நிற்க வேண்டும், நடுவில் கிடக்கிற ஒயருக்கு யார் பொறுப்பு என்றாய். தண்ணீருக்கு மேலே எதையும் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டாய். வீட்டுக் கல்யாணத்துக்குப் பந்தலில் போடுகிற அதே சீரியல் பல்பைத் தெப்பத்துக்குக் கொண்டுவரும்போது மட்டும் ஒவ்வொரு ஜாயின்ட்டையும் தடவிப் பார்ப்பாய்.

விளக்கு அணைந்த அந்த வருஷத்துக்கு வருகிறேன். எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு என்பது உனக்குத் தெரியும். தெருவே சேர்ந்து தெப்பத்துக்கென்று ஒரு பட்டு நெய்வோம். அகலக் கரை, சுத்த ஜரிகை. தெப்பத்தின் தூண்களில் கட்டி, இரண்டு பக்கமும் அடியில் மிதக்கிற பீப்பாய் வரைக்கும் தொங்கவிடுவோம். நெய்தவர்கள் எல்லாரும் கரையில் நின்று பார்க்கிற ஒரே துணி அதுதான். மற்றதெல்லாம் கடைக்குப் போய்விடும்.

சாமி ஏறியாயிற்று. மார்பளவு தண்ணீரில் தெரு ஆட்கள் தெப்பத்தைத் தள்ளினார்கள், என் தம்பியும் அதில் ஒருவன். நீயும் நானும் தெப்பத்தின் மேலே. முதல் சுற்று பாதியில் விளக்கு மொத்தமும் அணைந்தது. விழுந்திருந்தது மனுஷனுக்கான விசை; தூக்கிவிட்டாய், எரிந்தது. பத்தடி போவதற்குள் மறுபடி விழுந்தது. ஓட ஆரம்பித்த தெப்பத்தில் விளக்கு அணையக்கூடாது என்பார்கள். கரையில் சலசலப்பு கூச்சலாகிவிட்டது. தெருப் பெரியவர் சாமி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"அந்தப் பெட்டி கெட்டுப்போச்சுபா. அத விட்டுட்டு கரண்ட்ட நேரா குடு."

"குடுக்க மாட்டேன்."

"சாமி இருட்டுல நிக்குது!"

"நிக்கட்டும். கீழ ஆளுங்க தண்ணில நிக்குறாங்க."

அவரிடம் அப்படிப் பேசிய ஆளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஜெனரேட்டரை நிறுத்தினாய். டார்ச்சை என்னிடம் கொடுத்து, ஒவ்வொரு வரிசையாகக் கழற்றிப் பார்த்தாய். வலப்பக்க வரிசையில் கை நின்றது. பூ வாடக்கூடாதென்று மாலைக்காரர் சொம்புத் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே வந்திருக்கிறார். பட்டு நனைந்து, அதன் கரை ஒரு பல்பு ஜாயின்ட்டோடு ஒட்டிக்கிடந்தது. ஜரிகையில் எறும்பளவு ஒரு கருப்பு. ஜரிகை என்றால் நூலைச் சுற்றிய வெள்ளிக் கம்பிதானே. தலைமுறையாக நெய்கிற எங்களில் ஒருத்தருக்கும் அதில் கரண்ட்டு ஓடும் என்று தோன்றவில்லை. டார்ச்சைக் கீழே இறக்கினேன். அதே கரை தொங்கி முடிகிற இடத்தில், பட்டோடு சேர்த்துப் பீப்பாயைப் பிடித்துக்கொண்டு என் தம்பி நின்றிருந்தான். "என்னண்ணா லேட்டு, குளிருது" என்றான்.

நீ என் காதோரம், "சுத்த ஜரிகைதான்பா. கரண்ட்டே சொல்லிடுச்சு" என்றாய். அந்த நேரத்தில் அப்படிப் பேச உன்னால்தான் முடியும்.

வலப்பக்கம் மொத்தத்தையும் கழற்றிப் போட்டுவிட்டு, இடப்பக்கத்தை மட்டும் எரியவிட்டாய். தெப்பம் அப்படியே சுற்றி முடித்தது. பட்டை அவிழ்த்துவிடலாம் என்றேன். வேண்டாம் என்று தடுத்தாய். "இப்ப அவுத்தா எல்லாருக்கும் தெரிஞ்சுடும். பட்டாலதான் கரண்ட்டு லீக்குன்னு பேச்சு வந்தா, அடுத்த வருஷம் பட்டே வேணாம்னுடுவாங்க. எனக்கு ஊர்ல ஆயிரம் பந்தல் இருக்குது. உங்க தெருவுக்கு இது ஒண்ணுதான். நீ வாயத் திறக்காத."

கரையில் உன்னைக் கேட்காத கேள்வி இல்லை. "ஒயரிங் சரியில்லீங்க, என் தப்புதான்" என்று சொல்லிவிட்டு மூட்டை கட்டினாய். அடுத்த வருஷத்திலிருந்து வேலை வேறு ஆளுக்குப் போனது. உனக்கு 'அரை இருட்டு' என்று பெயரும் வைத்தார்கள். அந்தப் பெயர் உன் கடை வரைக்கும் வந்தது. பஸ் ஸ்டாண்டில் ஒருவன் அப்படிக் கூப்பிட்டபோது நீ திரும்பிப் பார்த்து, "என்னாபா?" என்று பதில் சொன்னாய். எனக்குத்தான் எரிந்தது.

நீ சொன்னபடியே செய்தேன். வருஷா வருஷம் பட்டைக் கட்டும்போது நான்தான் முன்னால் நிற்பேன். உள்பக்கம் தடித்த ரப்பர் விரிப்பு, பல்புக்கும் கரைக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி. மாலைக்காரரைப் பட்டுப் பக்கமே விடமாட்டேன். வயசாக ஆக இவனுக்குப் பட்டுமேல் பைத்தியம் என்று தெருவில் சிரித்தார்கள்.

உன் அடக்கத்துக்குக் கிளம்பும்போது தம்பியைக் கூப்பிட்டேன். "யாரு, அந்த அரை இருட்டா? நீ போய் வாண்ணா" என்றான். அன்றைக்கு என்னால் தாங்க முடியவில்லை. கல்லறையில் மண் போட்டுவிட்டு வந்து, அவன் தறிப் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஊடை நூல் ஓட்டுகிற நாடாவைக் கீழே வைத்துவிட்டு அவன் தறியை விட்டு எழுந்துவிட்டான்.

போன வாரம் தெப்பத்துக்காகத் தெருக் கூட்டம். புது லைட்டுக்காரரிடம் பெரியவரின் மகன், "அரை இருட்டு மாதிரி பண்ணிடாதபா" என்று சிரித்தான். என் தம்பி எழுந்துவிட்டான்.

"அன்னைக்கு அந்தாளு நேரா குடுத்திருந்தா நான் இன்னைக்கு இங்க உக்காந்துக்கினு இருக்க மாட்டேன். இனிமே அந்தப் பேர யாரும் சொல்லாதீங்க."

பட்டு, ஜரிகை, சொம்புத் தண்ணீர் எல்லாம் வெளியே வந்தது. நான் தடுக்கவில்லை. நீ பயந்ததுதான் நடந்தது. என் ரப்பர் விரிப்பு, முழக் கணக்கு எதுவும் எடுபடவில்லை. கூட்டம் ஒரே பேச்சாக முடிவு செய்தது: இனித் தெப்பத்தில் பட்டு கிடையாது. சாமிக்குச் சாத்துவதோடு சரி. இத்தனை வருஷம் நீ கெட்ட பெயர் சுமந்து காப்பாற்றிக் கொடுத்ததை நாங்கள் ஒரு சாயங்காலத்தில் விட்டுவிட்டோம். நீ இருந்தால் என்னை வண்டை வண்டையாகத் திட்டியிருப்பாய். திட்டு. எனக்கு உன்னை அவ்வளவு பிடிக்கும் என்று ஒருநாளும் உன்னிடம் சொன்னதில்லை.

கூட்டம் கலைந்தபோது பக்கத்துத் தறிக்காரர் என்னை வாசலில் நிறுத்தினார். அந்தப் பட்டுக்குக் கரை நெய்கிற முறை இந்த வருஷம் அவருக்கு.

"செத்துப்போன ஒருத்தன் பேருக்காகத் தெருப் பட்டையே விட்டுக் குடுத்துட்டியேபா?"

ஆமாம் என்றேன்.